தேங்காய் எண்ணெய் தலைக்கு, செயினுக்கு இல்ல

மெட்ராஸ்ல இருக்கிற என் தங்கச்சி பையன் வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பைக் செயினுக்கு தேங்காய் எண்ணெய், ஹெட்லைட் கண்ணாடிக்கு பல் விளக்குற பேஸ்ட், துருவுக்கு கோலா. வீட்டுல இருக்கிறதை வெச்சே பழைய வண்டியைப் புதுசாக்கிடலாமாம். கீழே "மாமா, உங்க கிராமத்து டெக்னிக் எல்லாம் இப்ப டிரெண்டிங்"னு சிரிப்பு பொம்மை வேற போட்டிருந்தான்.

கிராமத்துல யாரு செயினுக்கு தேங்காய் எண்ணெய் ஊத்தினாங்கன்னு எனக்குத் தெரியல. திருவாலங்காடு பக்கம் நான் பார்த்ததில்ல. லிட்டர் விக்கிற விலைக்கு அதைத் தாளிக்கவே யோசிச்சு ஊத்துறோம்.

விலையை விடுங்க. வீட்டுல இருக்கிற பொருளை வெச்சு வண்டி பார்த்துக்கிறது உண்மையிலேயே எங்க பழக்கம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா வீடியோக்காரங்க அதைத் தலைகீழா புரிஞ்சுக்கிட்டிருக்காங்க. நாங்க வீட்டுப் பொருளை எடுக்கிறது அளக்க, துடைக்க, ஊத்த, அடையாளம் வைக்க. அதாவது கையில பிடிக்கிற சாமானா. வண்டிக்குள்ள போய் வேலை செய்யுற எண்ணெய்க்கோ, பிரேக்குக்கோ, ரப்பருக்கோ பதிலா அதை வைக்கிறது வேற விஷயம். முதல்ல சொன்னது கெட்டிக்காரத்தனம். ரெண்டாவது ஆளையே சாச்சுடும்.

எங்க ஊருக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்ததுன்னு கொஞ்சம் சொல்றேன். 1980ல ஓசூர்ல இருந்து டி.வி.எஸ். 50 வந்தது. ரெண்டு பேர் உட்கார்ந்து போகிற மாதிரி நம்ம நாட்டுல வந்த முதல் மொபெட் அதுதான். அதுக்கு முன்னாடி கிராமத்துல வண்டின்னா பண்ணையார் வீட்டு புல்லட், இல்லேன்னா ராஜ்தூத். டி.வி.எஸ். 50 வந்த பிறகுதான் பால் ஊத்துறவர், கத்தரிக்காய் மூட்டை தூக்குறவர், துணி மூட்டை கட்டி விக்கிறவர் எல்லாரும் வண்டிக்காரங்க ஆனாங்க. எங்க நைனா ஒண்ணு வாங்கினார். கம்பெனிக்காரன் ரெண்டு பேருக்குன்னு செஞ்ச வண்டியில நாங்க ஒரு ஆள், ரெண்டு மூட்டை, முன்னாடி ஒரு கட்டு கரும்புத் தோகைன்னு ஏத்தினோம். அப்படி ஓட்டுற வண்டியை வாரத்துக்கு ஒரு தடவையாவது கழட்டிப் பார்க்காம இருக்க முடியாது. மெக்கானிக் கடைக்குப் போகணும்னா அரக்கோணமோ திருத்தணியோ போகணும். வண்டி ஓடாதப்ப அதையும் தள்ளிக்கிட்டுதான் போகணும். அதனால திண்ணையிலேயே வேலை நடந்தது.

நைனா ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பா வெச்சிருந்தார். அதுல சேவிங் பிளேடு நாலு, தீப்பெட்டி, ஒரு துண்டு ஆக்சா பிளேடு, உப்புத்தாள் கொஞ்சம். அந்தக் கால வண்டியில 'பாயிண்ட்'னு ஒண்ணு இருக்கும், அதோட இடைவெளி சரியில்லேன்னா ஸ்பார்க் வராது. சேவிங் பிளேடு ஒண்ணோட கனம் 0.1 மில்லிமீட்டர். மூணு நாலு பிளேடைச் சேர்த்துப் பிடிச்சு அந்த இடைவெளிக்குள்ள விட்டுப் பார்ப்பார். ஸ்பார்க் பிளக்குக்கு ஆக்சா பிளேடோட முதுகுப் பக்கம், அது ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். அவர் எந்தப் பொருளையும் வண்டிக்குள்ள வெச்சு மூடலை, கவனிங்க. அளந்து பார்த்துட்டு டப்பாவுல திரும்பப் போட்டுடுவார்.

இப்ப என்கிட்ட ரெண்டு வண்டி. வயலுக்கு ஒரு பழைய எக்ஸ்.எல். சூப்பர், டூ ஸ்ட்ரோக். மகனுக்கு ஒரு ஸ்பிளெண்டர். அவன் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் அதுல போய் நிறுத்திட்டு ரயில்ல மெட்ராஸ் போறான். டப்பாவும் பெருசாகிப்போச்சு.

அளக்கிறதுல ஆரம்பிக்கிறேன், ஏன்னா வண்டி கெடுறதுல பாதி அளவு தப்பாப் போறதாலதான். எக்ஸ்.எல். சூப்பருக்கு பெட்ரோலோட 2டி ஆயில் கலக்கணும், லிட்டருக்கு 20 மில்லி. குறைஞ்சா பிஸ்டன் பிடிச்சுக்கும். ஜாஸ்தியானா புகை, பிளக்குல கரி. நிறைய பேர் "ஒரு மூடி ஊத்து"ன்னுதான் கணக்கு வெச்சிருக்காங்க. எந்த மூடி? ஒவ்வொரு கம்பெனி மூடியும் ஒவ்வொரு அளவு. குழந்தைங்க இருமல் மருந்தோட ஒரு சின்ன பிளாஸ்டிக் கப் வருமே, 5, 10னு கோடு போட்டது, அதுல 10 மில்லி ரெண்டு தடவை. முடிஞ்சது. ஒரே நிபந்தனை: அந்தக் கப் அதுக்கப்புறம் மருந்து ஷெல்ஃபுக்குத் திரும்பிப் போகக் கூடாது. எங்க வீட்டுல அதுமேல சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வெச்சிருக்கோம். "வண்டிக்குன்னு எடுத்த சாமான் மறுபடி சமையக்கட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது, இன்னா புரிஞ்சுதா?" இது என் வீட்டுக்காரம்மா போட்ட சட்டம். எங்க வீட்டுலயே நல்ல சட்டம் அதுதான்.

என்ஜின் ஆயிலுக்கு வருவோம். ஸ்பிளெண்டர் மாதிரி 100 சிசி வண்டிக்குக் கடையில விக்கிற பாட்டிலே 900 மில்லி. எங்க வரப்புல, ஏரிக்கரையில, எங்க பார்த்தாலும் குவார்ட்டர் பாட்டில் கிடக்கும். அது 180 மில்லி. அஞ்சு குவார்ட்டர் 900. குடிச்சவனுக்கு அந்தக் கணக்கு தெரியுமோ என்னவோ, எனக்கு அது உதவுது. எப்படின்னா, ஆயில் மாத்தும்போது எல்லாரும் புதுசு எவ்வளவு ஊத்தணும்னு பார்க்கிறாங்க, பழசு எவ்வளவு வெளிய வந்ததுன்னு பார்க்கிறதில்ல. அஞ்சு லிட்டர் ஆயில் கேனைப் படுக்கவெச்சு ஒரு பக்கத்தை வெட்டினா தட்டு மாதிரி ஆகும். அதுல பழைய ஆயிலைப் பிடிச்சு, பாட்டில்ல ஊத்தி எண்ணிப் பாருங்க. அஞ்சு நிறையாம நாலரை வந்தா பரவாயில்ல, கொஞ்சம் உள்ளயே ஒட்டியிருக்கும். மூணு பாட்டில்தான் வருதுன்னா மீதி எங்கேயோ எரியுது, இல்ல ஒழுகுது. இதைக் கையில எடுத்துக்கிட்டு மெக்கானிக்கிட்ட போனா அவர் பேசுற பேச்சே வேற மாதிரி இருக்கும்.

உடைஞ்ச ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தம் ஒண்ணு வெச்சிருக்கேன். அதை ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, வடிச்ச ஆயில்ல ஒரு சுத்து சுத்துவேன். மாவு மாதிரி கறுப்பா ஒட்டினா தேய்மானம், அது எல்லா என்ஜின்லயும் இருக்கும். கையில நெருடுற மாதிரி தூள் வந்தா உள்ள ஏதோ பல்லு தின்னுக்கிட்டு இருக்கு.

நெயில் பாலிஷுக்கு இன்னொரு வேலை உண்டு, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பின் சக்கர அச்சு நட்டை முறுக்கின பிறகு நட்டு மேலயும் பக்கத்து இரும்பு மேலயும் சேர்ந்தாப்புல ஒரு கோடு போட்டுடுங்க. தினமும் வண்டி எடுக்கும்போது ஒரு பார்வை. கோடு நேரா இருந்தா நட்டு அசையலை. கோடு முறிஞ்சு விலகியிருந்தா நட்டு லூஸாகுது. பெரிய பெரிய தொழிற்சாலையில கூட இப்படித்தான் பெயிண்ட்ல கோடு போடுறாங்க. நமக்கு மகளோட மேஜையில தீர்ந்துபோற நிலையில இருக்கிற பாட்டில் போதும்.

செயின் தொய்வைக் காலால எத்திப் பார்த்துட்டு "சரியா இருக்கு"ன்னு சொல்றவங்க நிறைய. பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை எடுங்க. வண்டியை நடு ஸ்டாண்டு போட்டு, கீழ் செயினோட நடுவுல விரலால மேலயும் கீழயும் அசைச்சு எத்தனை மில்லிமீட்டர் ஆடுதுன்னு பாருங்க. எங்க ஸ்பிளெண்டருக்கு ரெண்டரை சென்டிமீட்டர் பக்கம் வெச்சிருக்கோம். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு வண்டியோட வந்த கையேட்டுல இருக்கும். ஒரே இடத்துல பார்த்தா பத்தாது, சக்கரத்தைக் கையால கொஞ்சம் கொஞ்சமா சுத்தி நாலு இடத்துல பார்க்கணும். செயின் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தேயாது. ரொம்ப இறுக்கமா இருக்கிற இடத்தை வெச்சுதான் சரி பண்ணணும்.

கையாலன்னு சொன்னேன், கவனமா படிங்க. என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுத்துற செயின்ல துணியைப் பிடிச்சுத் துடைக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். துணியைச் செயின் இழுத்தா அதைப் பிடிச்சிருக்கிற விரலும் கூடவே ஸ்பிராக்கெட்டுக்குள்ள போகும்.

துடைக்க பழைய பருத்தி லுங்கிதான் உத்தமம். பொதட்டூர்பேட்டை, நகரி பக்கமெல்லாம் தறி ஓடுற ஊருங்க, எங்களுக்கு லுங்கிக்குப் பஞ்சமில்ல. நைலக்ஸ் புடவை எண்ணெயை உறிஞ்சாது, சும்மா இழுவிவிடும். செயின் அழுக்குக்கு பழைய டூத் பிரஷ், கொஞ்சம் டீசல் இல்லேன்னா மண்ணெண்ணெய். பெட்ரோல் வேண்டாம், தீ பயம் ஒண்ணு, புது வண்டிச் செயின்ல இருக்கிற ரப்பர் வளையத்தை அது கெடுக்கும்ங்கிறது இன்னொண்ணு. கிளட்ச் கேபிள் இறுகினா ஆவின் பால் கவர். கழுவிக் காயவெச்ச கவரோட மூலையை வெட்டி, கேபிளோட மேல் முனையில ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, உள்ள நாலு சொட்டு என்ஜின் ஆயில் விட்டு ராத்திரி தொங்கவிட்டா காலையில கீழ் முனையில ஆயில் கசியும். மாட்டு டாக்டர் ஊசி போட்டுட்டுப் போட்டுட்டுப் போற சிரிஞ்சும் ஊசியைக் கழட்டிட்டா நல்ல எண்ணெய்க்குப்பி. (சில புது கேபிள்ல உள்ளயே வழவழன்னு பூச்சு இருக்கும், அதுக்கு ஆயில் தேவையில்ல.)

இதெல்லாம் நல்லது. இப்ப அந்த வீடியோ சமாச்சாரம்.

தேங்காய் எண்ணெய் மார்கழி ராத்திரியில என்ன ஆகும்னு உங்க வீட்டு பாத்ரூம் பாட்டிலைப் பாருங்க. 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிடும். வெயில்ல தண்ணி மாதிரி ஓடி சக்கரத்துல தெறிக்கும். நாளாச்சுன்னா காத்துபட்டு பிசுபிசுன்னு பசை மாதிரி ஆகி, ரோட்டுப் புழுதியைப் பிடிச்சு வெச்சுக்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாத்துக்கும் இந்தப் பிசுக்கு உண்டு, பழைய எண்ணெய்ச் சட்டியோட விளிம்பைத் தடவிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அந்தப் புழுதி செயினை உப்புத்தாள் மாதிரி தின்னும். கோலாவுல அமிலம் இருக்கு, துரு கொஞ்சம் விடும், நிஜம்தான். ஆனா சர்க்கரை ஒட்டிக்கும், எறும்பு வரும். புளி போட்டு பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கலாம், அலுமினிய என்ஜின்ல தேய்ச்சா அரிக்கும். பாத்திரம் தேய்க்கிற பவுடர் பெட்ரோல் டேங்க் பெயிண்டைக் கீறும். பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா மங்கின ஹெட்லைட் பளிச்சுன்னு ஆகுறது உண்மை. அந்தப் பிளாஸ்டிக் மேல வெயில் தாங்குறதுக்குப் போட்டிருக்கிற பூச்சும் அதோட போயிடும், அப்புறம் முன்னைவிட வேகமா மஞ்சளாகும்.

ஒரு விதிவிலக்கு சொல்லணும். வழியில பெட்ரோல் டேங்க்ல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து ஒழுகினா, துணி துவைக்கிற பார் சோப்பைத் தண்ணி இல்லாம அழுத்தித் தேய்ச்சு அடைப்பாங்க. சோப்பு பெட்ரோல்ல கரையாது, அதனால நிக்கும். லாரிக்காரங்க காலத்துலேர்ந்து இருக்கிற வித்தை. ஆனா அது வீடு வந்து சேர்ற வரைக்கும். மறுநாள் டேங்கைக் கழட்டிப் பத்த வைக்கிறவர்கிட்ட கொண்டுபோகணும். நம்ம ஜனங்ககிட்ட இருக்கிற வியாதியே, வீடு வந்து சேர்றதுக்குன்னு செஞ்சதை வருஷக்கணக்கா ஓட்டுறதுதான்.

பிரேக் ஷூ தேய்ஞ்சுபோனா, அதோட முனையில ஒரு தகரத் துண்டை வளைச்சு வைக்கிற வேலை ஒண்ணு இருக்கு. 'பேக்கிங்'னு சொல்வாங்க. மிதிச்சா மறுபடி பிரேக் பிடிக்கிற மாதிரி தோணும். புது ஷூ செலவு ரெண்டு மாசம் தள்ளிப்போகும். எங்க தெருவுல ஒரு பையன் மாவு டப்பா தகரத்தை வெட்டி அவனே இப்படி வெச்சிருந்தான், கையில வித்தை உள்ள பையன்தான். ஆடிக் கிருத்திகை நேரம், திருத்தணி ரோடு முழுக்க காவடி, ஜனம். பின்னாடி அக்காவை உட்கார வெச்சுக்கிட்டுப் போயிருக்கான். முன்னாடி ஆட்டோ நிக்க, மிதிச்சிருக்கான். தகரம் நழுவிடுச்சு, மிதி ஒரேயடியா கீழ போயிடுச்சு. முன் பிரேக்கை இழுத்ததுல வண்டி சாஞ்சு, அந்தப் பொண்ணுக்குக் கால் எலும்பு முறிஞ்சது. அந்த வருஷம் அவங்க வீட்டுல கடலை பிடுங்க ஆள் பத்தலை, அவ ஒருத்தி கை அத்தனை வேலை செய்யுற கை. அவளுக்கு இன்னும் காலைச் சம்மணம் போட முடியல. ஒரு செட்டு பிரேக் ஷூ என்ன விலைன்னு நீங்களே கடையில கேட்டுப் பாருங்க.

அதனால பிரேக் விஷயத்துல என் வீட்டு டப்பாவுக்கு உள்ள வேலை ரெண்டுதான். மிதியோட ஆட்டத்தை ஸ்கேல் வெச்சு அளக்கிறது. டிரம்மைக் கழட்டினா உள்ள இருக்கிற தூசியை ஈரத்துணியால ஒத்தி எடுக்கிறது. அதை வாயால ஊதாதீங்க, பழைய ஷூவுல கல்நார் இருக்கலாம், நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. அதுக்கு மேல புது ஷூ, மெக்கானிக், அவ்வளவுதான்.

"அப்ப நாங்க என்ன செய்யறது மாமா, எங்க வண்டியில கார்புரேட்டரே இல்லையே"ன்னு தங்கச்சி பையன் கேட்டான். நியாயமான கேள்வி. 2020 ஏப்ரல் 1லேர்ந்து பி.எஸ்.6 வந்தாச்சு, அதுக்கப்புறம் வந்த வண்டியில பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன். எக்ஸ்.எல். 100லயே வந்துடுச்சு. அதைத் திண்ணையில கழட்ட முடியாது, கழட்டவும் வேண்டாம். காகித ஏர் ஃபில்டரையும் கழுவாதீங்க, மாத்திடுங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டரைத்தான் கழுவலாம், அதையும் முறுக்கிப் பிழியாம அமுக்கிப் பிழிஞ்சு நிழல்ல காயவைக்கணும். ஆனா செயின், டயர் காத்து, பிரேக் மிதி, நட்டுக் கோடு, லைட்டு இதெல்லாம் எந்த வண்டியிலயும் மாறலை. டியூப் வால்வுல காத்து கசியுதான்னு பார்க்க எச்சில் தொட்டு வைக்கிறது இன்னைக்கும் செல்லும். நாகரிகம் பார்க்கிறவங்க சோப்பு நுரை வெச்சுக்கலாம்.

மெட்ராஸ்காரங்களுக்கு இன்னொண்ணு. 2015 டிசம்பர்லயும், 2023ல மிக்ஜாம் புயலப்பவும் உங்க அப்பார்ட்மெண்ட் கீழ நின்ன வண்டி எல்லாம் தண்ணிக்குள்ள முழுகுச்சு. தண்ணி வடிஞ்சதும் முதல் வேலையா செல்ஃப் அடிச்சுப் பார்த்தவங்க எத்தனை பேர்! முழுகின வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஒரு கண்ணாடி பாட்டில் எடுத்து, என்ஜின் ஆயிலைக் கொஞ்சம் வடிச்சு வெளிச்சத்துல பிடிங்க. தேன் மாதிரியோ கறுப்பாவோ இருந்தா சரி. பால் ஊத்தின காபி மாதிரி இருந்தா தண்ணி உள்ள போயிருக்கு, தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிட்ட போங்க. பெட்ரோலுக்கும் அதே பாட்டில்தான். கொஞ்ச நேரம் அசையாம வெச்சா தண்ணி அடியில தங்கிக் கோடு தெரியும். இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால், அது தண்ணியை இழுத்துக்கும். அந்த எத்தனால்ல ஒரு பங்கு எங்களை மாதிரி கரும்புக்காரங்க வெட்டி அனுப்புற கரும்போட மொலாசஸ்லேர்ந்துதான் வருது, அதனால நான் அதை ரொம்பத் திட்டவும் முடியாது. மழைக்காலத்துல டேங்கை அரைகுறையா வெச்சு மாசக்கணக்குல வண்டியை நிறுத்தாதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.

மெக்கானிக் பிழைப்புல மண்ணைப் போடுறேன்னு யாராவது சொல்லலாம். எனக்குத் தெரிஞ்ச நல்ல மெக்கானிக் யாரும் அப்படி நினைக்கிறதில்ல. செயின்ல இவ்வளவு ஆட்டம், ஆயில் இவ்வளவு குறைஞ்சது, இந்த நட்டு ரெண்டு தடவை விலகுச்சுன்னு சொல்ற வாடிக்கைக்காரன் வந்தா அவருக்கும் வேலை சுலபம். "என்னமோ சத்தம் வருதுண்ணா"ன்னு வந்து நிக்கிறவனைப் பார்த்தாதான் அவருக்குக் கண்ணைக் கட்டும்.

கடைசியா அந்தப் பழைய ஆயில். எங்க பக்கம் அதைக் கேட்டுக் கதவு அடியில, வேலிக் கம்புக்குக் கரையான் வராம தடவுறாங்க. கொஞ்சமா, மழைத்தண்ணி ஓடாத இடத்துலன்னா நான் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா வாய்க்கால்ல ஊத்துறது, கிணத்து மேட்டுல ஊத்துறது, உங்க ஊர்னா மழைநீர்க் கால்வாய் மூடியைத் தூக்கி ஊத்துறது, இதைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதே குவார்ட்டர் பாட்டில்கள்ல ஊத்தி மூடி போட்டு, ஒரு சாக்குல சேர்த்து வெச்சு, ஒர்க் ஷாப்புக்குப் போறப்ப அவங்க டிரம்ல ஊத்திட்டு வரேன். கழிவு ஆயில் எடுக்கிறவங்க அங்க வந்து காசு கொடுத்து வாங்கிக்கிட்டுப் போறாங்க. காலி பாட்டிலை மறுபடி சாக்குல போட்டுக்கிட்டு வந்துடுவேன், அடுத்த ஆயிலுக்கு வேணுமில்ல.